விருத்தாசலத்தில் ஓர் இழவு வகுப்பு

விருத்தாசலம் ஜங்ஷனில் என்னை அழைத்துப்போக வந்தது பிணவண்டி. கண்ணாடியில் தங்க எழுத்தில் ‘சொர்க்க ரதம்’ என்று எழுதி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் சாமந்தி மாலை தொங்கவிட்டிருந்தார்கள். என் பெட்டியைப் பின்னால் படுக்க வைத்தார் டிரைவர். நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

வேறு யாராவதாக இருந்தால் அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பியிருப்பார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மலேசியாவில், ஈப்போ நகரத்தில், நானும் என் வீட்டுக்காரரும் இருபது வருடமாகச் சவ அடக்கக் கடை நடத்துகிறோம். எங்களிடமே இப்படி இரண்டு வண்டி உண்டு. பிள்ளைகளை ஸ்கூலில் கொண்டுபோய் விட்டதும் அதில்தான். எனக்கு வந்த கோபமெல்லாம், ஏசி பின்பக்கம் மட்டும்தான் வேலை செய்தது என்பதில். படுத்திருக்கிறவருக்கு எதற்கு ஏசி, உட்கார்ந்திருக்கிறவளுக்கு அல்லவா வேண்டும் என்றேன். டிரைவர் மணிவேல் அதை ஒரு நியாயமான புகாராக ஏற்றுக்கொண்டார். வண்டிக்கு முதலாளியும் அவரேதான். என்னைக் கூப்பிட வரவேண்டிய ஜெசிந்தாவின் ஸ்கூட்டி பஞ்சராகிவிட்டதாம், அதனால் அவர் வந்தாராம்.

ஜெசிந்தா இந்த வட்டாரத்தில் கொலையானவர்களின் குடும்பங்களுக்குத் துணையாக அலைகிற பெண். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் என்று அவர்களோடு கூடவே போய் உட்காருவாள். அவளுக்கு ஒரு எண்ணம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முதலில் பார்ப்பது வக்கீலையும் இல்லை, ஜட்ஜையும் இல்லை. பிணவறைக் கதவைத் திறக்கிறவரையும் வண்டி ஓட்டுகிறவரையும்தான். அவர்கள் சொல்லும் முதல் நாலு வார்த்தை ஜென்மத்துக்கும் மறக்காது. அந்த நாலு வார்த்தையைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றுதான் என்னைக் கடல் தாண்டி வரவழைத்திருந்தாள். நாலு நாள், பதினொரு பேர்.

வண்டி கடைவீதிக்குள் நுழைந்ததும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நல்ல மரியாதை தெரிந்த ஊர் என்று நானும் திரும்பக் கும்பிட்டேன். மணிவேல் முன்கண்ணாடியைப் பார்த்தபடி, “மேடம், அது ஒங்களுக்கு இல்லிங்க” என்றார். லாட்ஜ் வாசலில் மானேஜர் ஓடிவந்து, தயவுசெய்து இங்கே மட்டும் நிறுத்தாதீர்கள், மேலே கல்யாண பார்ட்டி தங்கியிருக்கிறது என்று கெஞ்சினார். நாலு கடை தள்ளி இறங்கிப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனேன்.

முதல் சாப்பாடு பரோட்டா. எங்கள் ஊரில் ரொட்டி சானாயைச் சுடச்சுட மொறுமொறுவென்று தின்று பழகியவள் நான். இங்கே சப்ளையர் அதைப் பிய்த்துப் போட்டு, சால்னாவைக் குளம் கட்டி ஊற்றிவிட்டு, கொஞ்சம் ஊறட்டும்மா என்று என்னைக் காக்க வைத்தார். பசியில் சப்ளையரையே தின்றுவிடலாம் போல் இருந்தது. ஊறின பிறகு வாயில் வைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. மூன்று தின்றேன்.

வகுப்புக்கு இடம் கிடைத்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். எந்தக் கல்யாண மண்டபத்திலும் இடம் தரவில்லை. தை மாசம் முகூர்த்தம் நடக்கிற ஹாலில் இழவுப் பாடம் நடத்துவீர்களா என்று ஒரு மண்டபக்காரர் ஜெசிந்தாவை விரட்டியே விட்டாராம். கடைசியில் அவள் சித்தப்பா தன் பீங்கான் யூனிட்டில் பேக்கிங் செய்யும் கொட்டகையைக் கொடுத்தார். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க இன்னும் சூளைக்குப் போகாத வெள்ளைப் பிள்ளையார்கள். நான் பேசப் பேச அத்தனை பேரும் தொந்தியைத் தள்ளிக்கொண்டு கேட்டார்கள்.

மனிதர்களில் பதினொரு பேர்: பிணவறை உதவியாளர்கள், சவ வண்டிக்காரர்கள், சுடுகாட்டில் எரிப்பவர்கள், ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுபவர், இரண்டு பெண் போலீஸ், சாவு கேஸுக்கு விசாரணை எழுதும் ஏட்டையா. சாவுத் தொழிலில் இருப்பவர்கள் எப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பார்கள் என்று வெளியே நினைக்கிறார்கள். சுத்தப் பொய். உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் ஆட்கள்தான் அதிகம் சிரிப்பார்கள். சிரிக்காதவர்கள் இரண்டாம் வருடமே வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் பெரிய கோமாளி ஏழுமலை. நாற்பது வயது இருக்கும், ஒல்லி, நெற்றியில் சந்தனம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிணவறை உதவியாளர். டீக்கடை பெஞ்சில் தான் போய் உட்கார்ந்தால் நாலு பேர் எழுந்து போய்விடுவார்கள், அதனால் தனக்கு என்றைக்கும் இடப் பிரச்சினையே கிடையாது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகுதான் உறைத்தது.

நான் வைத்தது மூன்றே விதி. பேசுவதற்கு முன்னால் அவர்களுக்குச் சமமாக உட்கார வேண்டும். செத்தவரைப் பேர் சொல்லித்தான் குறிப்பிட வேண்டும். பொய் சொல்லக் கூடாது, கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது விதியில்தான் எல்லாரும் குப்புற விழுந்தார்கள். வாயைத் திறந்தால் ‘பாடி’ வந்துவிடும். பாடி வந்துச்சு, பாடி போச்சு, பாடிய எப்ப தருவீங்க. ‘பாடி’ என்று சொல்பவர் எல்லாருடைய டீ கிளாஸையும் கழுவ வேண்டும் என்று தண்டனை போட்டேன். அன்று முழுவதும் கிளாஸ் கழுவியது ஏட்டையா. ஏழுமலை குழாயடியில் நின்றுகொண்டு, அய்யா அந்த பாடியில சோப்பு போவலிங்க என்று வேண்டுமென்றே சொல்லி, அடுத்த ரவுண்டுக்குத் தானே மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் ஜெசிந்தா வேகவைத்த மல்லாட்டை வாங்கி வந்தாள். என்னவோ ஏதோ என்று பிரித்துப் பார்த்தால் நம்ம கச்சான், வேர்க்கடலை. அதை உரித்துத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். நாலாம் நாள் வகுப்புக்கு நல்லூர்ப் பக்கத்திலிருந்து அஞ்சலை என்ற அம்மாள் வரப்போகிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் திருவிழாத் தகராறில் அவர் மகன் பிரபுவை வெட்டிவிட்டார்கள். ஒரே பிள்ளை. கேஸ் இன்னும் நடக்கிறது. அந்த அம்மாள் இதுவரை யாரிடமும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. இப்போது வரச் சம்மதித்தது ஒரே நிபந்தனையில்: போஸ்ட்மார்ட்டம் முடிந்து மகன் உடம்பைத் துணியில் கட்டிக் கொடுத்த ஆள் அங்கே இருக்க வேண்டும், அவரிடம் தான் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆள் ஏழுமலை. அவர் இல்லையென்றால் அந்த அம்மாள் அப்படியே திரும்பிப் போய்விடுவார், இனிமேல் வரவும் மாட்டார் என்றாள் ஜெசிந்தா. ஏழுமலை சரி என்று சொல்லியிருக்கிறார். ஆனால் சொன்ன நாளிலிருந்து தினம் ஒரு சாக்கு. இடுப்பு வலி, மச்சான் வீட்டுக் காதுகுத்து, பல் பிடுங்க வேண்டும். அவர் பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, நானே பார்த்தேன்.

இரண்டாம் நாள் நடிப்புப் பயிற்சி. ஒரு பெண் போலீஸ் தாயாக நடிக்க வேண்டும், மணிவேல் அவரிடம் பேச வேண்டும். பிணமாக ஏழுமலை பேக்கிங் மேஜையில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்துக்கொண்டார். மூக்கு அரிக்கிறது என்று பிணம் இரண்டு தடவை துணிக்குள்ளிருந்து மனு கொடுத்தது. அந்தப் பெண்ணுக்கு அழுகை வரவில்லை. சும்மா ஒரு ஒப்பாரி வை, தானாக வரும் என்று ஏட்டையா எடுத்துக் கொடுத்தார். வைத்தாள் பாருங்கள். அப்படி ஒரு குரல் அந்த உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு ராசா ராசா என்று அவள் கூப்பிட்டதில் அலமாரியில் பிள்ளையார்கள் கிடுகிடுவென ஆடினார்கள்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பக்கத்துக் கொட்டகையில் அச்சு வார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர், கையெல்லாம் வெள்ளைச் சேறோடு, ஓடிவந்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. நேரே வந்து அந்தப் போலீஸ் பெண்ணைக் கட்டிக்கொண்டு, வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். என் பக்கத்தில் இருந்தவர் அழுகைக்கு நடுவே அடுத்தவரிடம் யாரு செத்தது என்று மெதுவாகக் கேட்டார். “தெரியல, மொதல்ல அழு” என்று பதில் வந்தது.

நிறுத்துங்கள், இது பாடம் என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. நல்ல மனசில் ஏழுமலைதான் அவர்களைச் சமாதானப்படுத்த நினைத்தார். துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்து, நான் உசுரோடத்தாம்மா இருக்கேன் என்றார். அதற்கப்புறம் நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஒருத்தி மேஜைக்குக் கீழே போனாள், ஒருத்தி விளக்குமாற்றால் பிணத்தை வெளுத்தாள், ஒரு தட்டு டீ கப்பும் ஒரு பிள்ளையாரின் தும்பிக்கையும் போயின. நான் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இரண்டு நாளுக்கு விலா வலித்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஈப்போவில் சாவு விழுந்தால், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வருவோம். இவர்கள் அழுகைச் சத்தம் கேட்டார்கள், வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். நான் கடல் தாண்டி வந்து கற்றுக்கொடுப்பதில் பாதி இவர்களுக்குத் தெரியும். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஜெசிந்தாவின் சித்தப்பா கொட்டகை வாசலில் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்துவிட்டுத்தான் எங்களை உள்ளே விட்டார். உயிரோடு இருப்பவனைப் பிணமாகப் படுக்க வைத்ததும், அவனுக்கு ஒப்பாரி வைத்ததும் ஆகவே ஆகாது என்றார். ஏழுமலை தலையையும் மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னார். ஏழுமலை பயபக்தியோடு குனிந்து நின்றார். பதினொரு பேரும் அன்று ‘பாடி’ என்ற வார்த்தையைச் சொல்லாமல் மத்தியானம் வரை தாண்டிவிட்டார்கள். ஏட்டையாவின் கை ஓய்வெடுத்தது.

சாயங்காலம் எல்லாருமாகப் பழமலைநாதர் கோயிலுக்குப் போனோம். காசியைவிட இந்த ஊருக்குப் புண்ணியம் வீசம் கூட என்று ஏழுமலை எனக்கு வழிகாட்டியாக நின்று விளக்கினார். இங்கே செத்தால் அம்பாள் முந்தானையால் விசிறிவிட, சாமியே காதில் மந்திரம் ஓதி அனுப்பிவைப்பாராம். பிறகு எங்களை மாதிரி ஆட்களுக்கு இங்கே வேலையே இல்லையே என்றேன். அதுக்கு முன்னாடி போஸ்ட்மார்ட்டம்னு ஒண்ணு இருக்குது மேடம் என்றார்.

மற்றவர்கள் பிரசாதக் கடைக்குப் போன நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். சிரிப்பில்லாத ஏழுமலையை அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

“நாளைக்கு அந்த அம்மா எத்தினி வெட்டுன்னு கேட்டாங்கன்னா? ஒவ்வொண்ணா தொடச்சுத்தான கட்டுறோம். அந்த நம்பரு இன்னும் எம்மனசுல கெடக்குது. அத எப்படி மேடம் பெத்தவகிட்ட சொல்றது? நீங்க வேற பொய் சொல்லாதன்னிட்டீங்க.”

இருபது வருட அனுபவம், கடல் தாண்டி வந்த வாத்தியாரம்மா நான். கேட்கட்டும், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையோ உளறினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் புளியோதரை வாங்கப் போனார்.

நாலாம் நாள் எதிர்பார்த்தபடியே ஆளைக் காணோம். போனை அணைத்து வைத்திருந்தார். ஏழுமலை மங்களூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக ஐஸ் பெட்டிக்காரர் சொன்னதும் எனக்குத் தலை சுற்றியது. மங்களூர் என்றால் கர்நாடகம் என்று நினைத்துவிட்டேன். இல்லக்கா, இது திட்டக்குடிப் பக்கத்து மங்களூரு, அவரு அக்கா வூடு அங்கதான் இருக்குது என்று ஜெசிந்தா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். அஞ்சலை அம்மாள் பத்து மணிக்கு வந்துவிடுவார். கைவசம் இருந்த ஒரே வண்டி சொர்க்க ரதம்.

வெளியூர் ரோட்டில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் அந்த பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். மணிவேல் ஹாரனை அடித்தார், நான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். பஸ் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அவசரமாக யாரோ போய்ச் சேர்ந்திருக்கிறார் என்று நினைத்து, பண்போடு ஓரம் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டார். பின்னால் வந்த லாரி எங்களை நிற்க விடவில்லை. பஸ்ஸைத் தாண்டிப் போயேவிட்டோம். கண்டக்டர் தலைக்கு மேலே கைகூப்பியதை நான் பார்த்தேன்.

அரை கிலோமீட்டர் தள்ளி வண்டியைக் குறுக்கே போட்டார் மணிவேல். நான் நடுரோட்டில் இறங்கி இரண்டு கையையும் விரித்து நின்றேன். பிணவண்டி வழிமறித்து நிற்பதைப் பார்த்து பஸ் நின்றது. யாருக்கு வந்திருக்கிறதோ என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். ஏழுமலை வந்திருக்கிறாரா என்று கேட்டேன். பின் சீட்டில் ஏழுமலை எழுந்து நின்றார். அவர் நடந்து வந்து இறங்கும்வரை பஸ்ஸில் யாரும் மூச்சு விடவில்லை. ஒரு பாட்டி மட்டும் அவர் கையில் திருநீறு வைத்து அனுப்பினாள்.

வழியெல்லாம் அவரைத் திட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, மணிவேலும் சிரித்தார், கடைசியில் ஏழுமலையும் சிரித்தார். சிரித்து முடித்து, சரிங்க, கேக்கட்டும் என்றார்.

கொட்டகைக்குள் நாங்கள் நுழைந்தபோது அஞ்சலை அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காலைப் பனிக்குத் தலையில் சுற்றிய துண்டை இன்னும் அவிழ்க்கவில்லை. ஏழுமலை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“பிரபுவோட அம்மாங்களா? நான் ஏழுமலைங்க.”

பிரபு என்ற பேரைக் கேட்டதும் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். எம்புள்ளையக் கட்டுனது நீங்களா என்று கேட்டார். நாந்தாங்க என்றார். குளிப்பாட்டுனது? அதுவும் நாந்தாங்க.

அம்மாள் அவர் கையையே பார்த்துக்கொண்டு சொன்னார். அறுத்த உடம்பு வீட்டுக்குள்ளே வரக் கூடாது, கட்டைப் பிரிக்கக் கூடாது என்று தெருவிலேயே வைத்துவிட்டார்களாம். பெற்றவளைக் குளிப்பாட்ட விடவில்லை. கட்டின துணிக்கு மேலேயே கொஞ்சம் தண்ணீர் தெளித்து எடுத்துப் போய்விட்டார்கள்.

“அவனுக்குப் பச்சத் தண்ணி ஆவாது தம்பி. சின்னப் புள்ளையிலேர்ந்து இளைப்பு. ஒரு சொம்பு தலையில பட்டா ராவெல்லாம் மூச்சு வாங்கும். நான் வெந்நி போட்டுத்தான் ஊத்துவேன். நீங்க எந்தத் தண்ணியில ஊத்துனீங்க?”

இரண்டு வருடமாக அந்த அம்மாள் தூக்கிக்கொண்டு திரிந்தது இதைத்தான். வெந்நீர் என்று சொல்லிவிடுடா, மகராசனாக இருப்பாய், சொல்லிவிடு என்று மனசுக்குள் ஏழுமலையைக் கெஞ்சினேன். விதியாவது மண்ணாவது.

“ஆஸ்பத்திரியில வெந்நி கெடையாதுங்க” என்றார் ஏழுமலை.

அம்மாளின் முகம் அப்படியே விழுந்தது. ஏழுமலை நிறுத்தவில்லை.

“ஆனா அது கத்திரி வெயிலுங்க. மத்தியானம் ஒரு மணி. மாடித் தொட்டித் தண்ணி பைப்புல கொதிச்சுக்கினு வரும். கைய வெச்சேன், சுட்டுடுச்சு. அப்படியே ஊத்த மனசு வரல. ரெண்டு பக்கெட்டு புடிச்சு, நெழல்ல ஆற வெச்சு, வெதுவெதுன்னு ஆன அப்பறந்தான் பிரபுவுக்கு ஊத்துனேன். தலைக்கும் ஊத்துனேங்க.”

வெதுவெதுன்னு, என்று அம்மாள் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். தலையில் இருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார். பிறகு எட்டி ஏழுமலையின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தார்.

“கை வெந்துடுச்சா தம்பி?”

ஏழுமலை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அஞ்சலை அம்மாள் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.